மாட்டப்போகும் சுவர்

வலது உள்ளங்கையைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு இராசில்டா கண்களை மூடியிருக்கிறார். வீட்டுக்காரி காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் காத்து நிற்கிறாள். புதிதாக வாங்கிய படம் சோபாவில் சாய்ந்திருக்கிறது. கையைக் கொஞ்சம் கீழே இறக்கி, மறுபடியும் மேலே கொண்டுபோய், கடைசியில் மூக்கையும் சுவரருகே வைத்து மோந்து பார்க்கிறார்.

"இதுக்குப் பின்னாடி குளியலறையா?"

வீட்டுக்காரி ஆமாம் என்கிறாள்.

"அப்போ இங்க வேணாம். ஒரு மழைக்காலம் போனா காகிதம் அலையலையா எந்திரிச்சிரும்."

வீட்டை வடிவமைத்தவர்தான் அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தார் என்று வீட்டுக்காரி தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்.

"அவரு வந்து இங்க குளிக்கப் போறதில்ல. குளிக்கிறது நீங்க."

மழை ஓயாத ஆற்றங்கரை நகரமான பெலெமின் பழைய பகுதியில், என் வீட்டிலிருந்து மூன்றாவது வாசல் இராசில்டாவுடையது. பின்கட்டு அறையில், புகைப்படக் கலைஞர்களின் படங்களைக் கண்காட்சிக்கும் விற்பனைக்கும் நல்ல காகிதத்தில் அச்சிட்டுத் தருகிறார். வயது அறுபத்திரண்டு. குள்ளம். படம் யாருடையது, என்ன அளவு என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எந்தச் சுவரில் மாட்டப்போகிறார்கள்? வாங்கியவர் ஊருக்குள் இருந்தால் தானே போய்ப் பார்த்துவிடுவார். பணம் கொடுத்து வாங்கியவனுடைய வீட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று கலைஞர்கள் சலித்துக்கொள்வார்கள். "ஒரு நாய்க்குட்டியக் குடுத்தாக்கூட வீட்டுக்கு வேலி இருக்கான்னு கேக்கமாட்டீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்பார்.

எங்கள் ஊரில் வாங்கிய ரொட்டி மாலைக்குள் நமத்துவிடும். உப்புக் குப்பியில் அரிசி போடாவிட்டால் உப்பு கட்டியாகிவிடும். அப்படிப்பட்ட காற்றில் பருத்திக் காகிதத்தை வைத்துப் பிழைப்பவர் அவர். "காகிதம் குடிகாரன் மாதிரி. நாம கண்ணசந்தா குடிச்சிரும்" என்பார். புதிதாகப் பெட்டி வந்தால் உடனே பிரிப்பதில்லை. குளிரூட்டிய அச்சறையில் ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்க விடுவார், அந்த அறையின் காற்று அதற்குப் பழகுவதற்காக. பிரித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கடைக்காரர்கள் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை ஒரு தாளின்மேல் காட்டுவார். தாள் நீலமாக மின்னினால் அதில் வெண்மை கூட்டும் மருந்து கலந்திருக்கிறது என்று பொருள். சில ஆண்டுகளில் மருந்தின் வீரியம் போய்த் தாள் பழுத்துவிடும். அப்படிப்பட்ட பெட்டியை மூடித் திருப்பி அனுப்பிவிடுவார். "திருவிழா அன்னிக்கு மட்டும் அழகா இருக்கிற ஆளு" என்பதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்தது.

தாளின் இரண்டு பக்கங்களில் எது அச்சுக்கானது என்று கண்ணால் சொல்வது கடினம். அவர் உதட்டை நனைத்துக்கொண்டு தாளின் மூலையைக் கவ்வுவார். எந்தப் பக்கம் உதட்டில் ஒட்டுகிறதோ அதுதான் மை பிடிக்கும் பக்கம். பிறகு அகலமான மென்தூரிகையால் தாள் முழுவதும் தடவி, உதிரும் பஞ்சுத் துணுக்குகளைத் தட்டிவிடுவார். துணுக்கின்மேல் மை விழுந்து, பின்னால் துணுக்கு உதிர்ந்தால், அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். கண்ணின் கருவிழியில் அப்படி ஒரு புள்ளி நின்றதற்காக ஒரு படத்தையே அவர் கிழித்துப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கையுறை அணியமாட்டார். உறை போட்டால் கைக்குக் கண் தெரியாது என்று சொல்லி, முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார். பிறந்தநாளுக்கு வரும் கைக்களிம்புகளெல்லாம், தாளில் எண்ணெய் படியுமென்று, நாத்தனார் வீட்டுக்குப் போய்விடும். விரலில் கறை நிற்குமென்று வேலை நாளில் அசாயிப் பழக்கூழ் தொடுவதில்லை. இந்த ஊரில் அது தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குச் சமம். தெற்கிலிருந்து வந்த கலைஞர் ஒருவர், அச்சான படத்தின்மேல் உட்கார்ந்த கொசுவைப் படீரென்று அடித்துவிட்டார். இராசில்டா வேறு தாள் எடுத்து அச்சிட்டார். ஆனால் அந்த மனிதர் இன்றுவரை அந்த அறைக்குள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நுழைய வேண்டும்.

சென்ற மார்ச்சில் லூசிவால்டோ வந்தார். கொம்பூ தீவுக்கு ஆள் ஏற்றும் படகுக்காரர். வல்கீரியா என்ற புகைப்படக் கலைஞர் பல ஆண்டுகளுக்கு முன்பு அவர் மனைவி எடிலெனியைப் படமெடுத்திருந்தார். வீட்டுப் படியில் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஆற்றில் விட்டபடி அசாயிக் கொட்டைகளைச் சலிக்கும் படம். அதை அச்சிட்டவர் இராசில்டா. பளபளப்புத் தாளில் ஆற்றின் கறுப்பு நன்றாக வந்தாலும் பார்க்கும்போது ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்து முகத்தை மறைக்கிறது என்று, மங்கலான பருத்தித் தாளையே தேர்ந்தெடுத்திருந்தார். சில பிரதிகளே அச்சாயின. ஒன்று சாவோ பாலோவில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனது. எடிலெனி போன வருடம் இறந்துவிட்டாள். படங்கள் இருந்த கைப்பேசியை லூசிவால்டோ ஆற்றில் தவறவிட்டுவிட்டார். அவளுடைய வேறு படம் எதுவும் அவரிடம் இல்லை. இதைக் கேள்விப்பட்ட வல்கீரியா, தனக்கென்று ஒதுக்கிய பிரதியை அவரிடம் கொடுத்துவிடும்படி இராசில்டாவுக்குச் சொல்லியிருந்தார்.

தேய்த்த சட்டையோடு வந்து நின்றவரிடம் இராசில்டா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவர் சிரித்துவிட்டார். "சுவரா? பலகைய அடிச்சு நிக்க வெச்சிருக்கேன் டோனா. வந்து பாருங்க." டோனா என்பது எங்கள் ஊரில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது.

போனோம். ஈரப்பதமானியைச் சுமக்க இராசில்டா என்னை அழைத்துக்கொண்டார். படகில் படப்பெட்டி அவர் மடியிலேயே இருந்தது, நெகிழித்தாளில் சுற்றியபடி.

மரக்கால்கள்மேல் ஆற்றோரமாக நிற்கும் வீடு. ஆற்றுப் பக்கத்துப் பலகையில் வைத்த உள்ளங்கை நனைந்து திரும்பியது. அடுப்புப் பக்கம் புகையும் மீன் எண்ணெயும். பின்புறப் பலகைகளின் இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. இராசில்டா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும்பா. உனக்குப் பிளாஸ்டிக் தாள்ல ஒண்ணு போட்டுத் தரேன். ஈரம் பட்டாத் தொடச்சுக்கலாம்."

லூசிவால்டோ கேட்டார்: "சாவோ பாலோவுல இருக்கே, அது எந்தச் சுவத்துல மாட்டியிருக்கு?"

இராசில்டாவுக்குப் பொய் வராது. சுவரில் இல்லை, இருட்டு இழுப்பறையில் மெல்லிய தாள் மூடி வைத்திருப்பார்கள், யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள் என்றார்.

"யாரு கேப்பா?"

இராசில்டா பெட்டியின் நெகிழித்தாளை இழுத்துச் சரிசெய்தார்.

"அப்ப அது பத்திரமா இருட்டுல இருக்கட்டும். இது வீட்டுக்கு வரட்டும்." லூசிவால்டோ குரலை உயர்த்தவில்லை. "இருவது வருஷம் இந்த ஈரத்துலதான் கெடந்தா. அவளுக்கென்ன பூஞ்சையா புடிச்சது?"

"அவ வேற, காகிதம் வேற. காகிதத்துக்குத் தாக்குப்புடிக்கத் தெரியாது."

"காலையில எந்திரிச்சதும் அவ மூஞ்சியப் பாக்கணும் டோனா. அந்தப் பிளாஸ்டிக்குல பளபளன்னு என் மூஞ்சிதான் தெரியும்."

இராசில்டா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை இன்னொரு சுற்று வந்தார். நடுவில், சமையலிடத்தையும் படுக்குமிடத்தையும் பிரிக்கும் ஒரு தடுப்பு. வெயிலும் சாரலும் எட்டாத இடம். அதில் கையை வைத்து வெகுநேரம் நின்றார். ஈரப்பதமானியை வாங்கி அங்கே பிடித்தார். முள் அவர் விரும்பும் இடத்துக்கு இறங்கவில்லை. ஆனாலும் மற்ற சுவர்களில் காட்டியதைவிட நன்றாகத் தாழ்ந்தே நின்றது. பெட்டியின் கயிற்றை அவிழ்க்கப் போனவர், தடுப்பை உரசியபடி கட்டியிருந்த, ஆள் படுக்கும் துணித் தூளியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த வீட்டில் படுக்கை அது ஒன்றுதான்.

"காஞ்ச எடம் இது ஒண்ணுதான். இங்க நீ படுக்கிறியே. தூளி ஆடுனா இடிக்கும், தலை எண்ணெய் ஒட்டும்." பெட்டிக் கயிற்றை மறுபடி இறுக்கினார்.

லூசிவால்டோ எட்டித் தூளியைக் கொக்கியிலிருந்து கழற்றினார். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய், ஒரு முனையை அங்கிருந்த தூணில் கட்டத் தொடங்கினார். அந்தப் பக்கத்துப் பலகைகளில் விரல் நுழையும் இடுக்கு.

"மழை அடிச்சா அங்க நனைஞ்சிருவே."

"நான் காஞ்சிருவேன் டோனா."

இராசில்டா பெட்டியை மேசைமேல் வைத்தார். ஆற்றுப் பக்கம் போய், தரையில் கிடந்த தூளியின் மறுமுனையை எடுத்து, எதிர்த் தூணைச் சுற்றி இழுத்து முடிச்சுப் போட்டார்.