ரவைத் தோட்டாவின் வரலாறு எழுதிய தட்சிணாமூர்த்தி அண்ணன்

பண்ருட்டி பேருந்து நிலையத்தில் நின்றபோது அலைபேசி அடித்தது. தட்சிணாமூர்த்தி அண்ணனின் மகள். "சித்தப்பா, அப்பா போயிட்டாருங்க. டீ குடிச்சிகினு இருந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு." வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

சுரங்கப் பணிமனையில் எங்களோடு ஷிப்ட் பார்த்த உங்களுக்கு அவரை ஃபிட்டராகத் தெரியும். என் இடது கண்ணைச் சுட்டவராகவும் தெரியும். குவார்ட்டர்ஸ் முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

குள்ளஞ்சாவடி பக்கம் அவருடைய முந்திரித் தோப்பு. மோட்டார் கொட்டகையில் ஒரு பெருச்சாளி ஒயரைக் கடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தது. அவர் அப்பா விட்டுப்போன, லைசென்ஸ் உள்ள ரைஃபிளில் ரவைத் தோட்டாவைப் போட்டார். ஒற்றைக் குண்டுக்குப் பதில் கடுகளவு ஈய ரவைகள் அடைத்த தோட்டா அது. பொடி ரவைதானே என்றுதான் அவரும், கூடப் போயிருந்த நானும் நினைத்தோம். சுட்டார். பெருச்சாளி கீறல்கூட இல்லாமல் ஓடிவிட்டது. ரவை என் கண்ணில் பாய்ந்தது.

மறு வாரமே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ஒரு நோட்டு வாங்கினார். ஏன் இப்படி ஆனது என்று தேடப் போய், ரவைத் தோட்டாவின் வரலாற்றையே எழுதிவிட்டார். அருங்காட்சியகத்துக்காகச் சிறு பறவைகளை இறகு கெடாமல் சுட்டவர்கள், கிடங்கில் எலி சுட்டவர்கள், பாம்புக்குப் பயந்து கைத்துப்பாக்கியில் போட்டுக்கொண்டவர்கள், எல்லோரும் அதில் உண்டு. ரவையை முன்பு காகிதக் கூட்டிலும் மரக் கூட்டிலும் அடைத்தார்கள், பிளாஸ்டிக் பிறகு வந்தது என்று அவர் படித்துக் காட்டும்போது நாமெல்லாம் டிபன் பாக்ஸைத் திறந்து தப்பிப்போம்.

"ரைஃபிள் குழலுக்குள்ள ஸ்க்ரூ மாதிரி புரி இருக்கில்ல, அது ரவையைச் சுழட்டி வுட்டுடுது. வளையமா ஓரத்துலதான் போவும், நடுவுல ஒண்ணும் இருக்காது. குறி வெச்சது பொழைச்சிக்கும், பக்கத்துல இருக்கறவன் மாட்டிக்குவான்" என்பார். ரவைக்கென்றே புரியில்லாத குழல் செய்திருக்கிறார்கள் என்று படித்த அன்று, "இது தெரியாம போச்சேடா" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

காரியம் முடிந்ததும் மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் எங்கள் விபத்து. "நான் நிற்கச் சொன்ன இடத்தில்தான் அவன் நின்றான். தவறு முழுக்க என்னுடையது."

அது பொய். "கதவுக்கு வெளியில நில்லுடா, உள்ள வராத" என்றுதான் சொன்னார். வேடிக்கை பார்க்கத் தலையை நீட்டியவன் நான். போலீஸிலும் அவர் இந்தப் பொய்யையே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவியிடமும் சொல்லவில்லை. அவள் கடைசிவரை அவரை வீட்டுக்குள் விடவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே அலுத்துப்போனேன்.

நோட்டு இனி என்னிடம் இருக்கும். அந்த வரிக்குக் கீழே, "அவர் நிற்கச் சொன்ன இடத்தில் நான் நிற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.