துப்பாமல் விழுங்கிய ஒயின்

எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள் ஷிஃப்டுக்குள் போகும் முன் கேட்டில் ஒரு கருவியில் ஊத வேண்டும். குடித்திருந்தால் அது கத்தும். கத்தினால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார்கள். என்னைப் போல கான்ட்ராக்டில் இருப்பவர்களை அதற்குப் பிறகும் விடமாட்டார்கள். எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர் அப்படித்தான் போனார். ஒரு திருவிழாவுக்கு மறுநாள் வந்து ஊதினார், அவ்வளவுதான். நான் குடிக்கிறவன் இல்லை. அதனால் ஊதுவது எனக்குக் கை கழுவுவது மாதிரி ஒரு வேலையாக இருந்தது.

ஓசூரில் நாங்கள் செய்வது அட்டைப்பெட்டி. கர்நாடகப் பக்கம் இருக்கும் ஒரு ஒயின் தோட்டத்துக்கும் பெட்டி போகிறது. அவர்களுடைய சிவப்பு ஒயின் ஏதோ போட்டியில் பதக்கம் வாங்கியிருந்தது. அதற்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும், பாட்டில்கள் வழியில் உடையக் கூடாது, பெட்டி செய்கிறவர்களே வந்து பார்க்கட்டும் என்று கூப்பிட்டார்கள். பிரிவுக்கு ஒருவர் என்று கணக்கு. பிரிண்டிங்கிலிருந்து தூத்துக்குடிக்காரர் ஒருவர், லோடிங்கிலிருந்து நான், எங்களுக்கு மேலே சூப்பர்வைசர். காலையில் போய்விட்டு மதிய ஷிஃப்டுக்குத் திரும்பிவிடலாம் என்றார்.

பாட்டில் அடுக்கும் இடத்தைப் பார்த்து முடித்ததும் ஒரு நீள மேசையில் உட்கார வைத்தார்கள். எதிரில் தோட்டத்தின் முதலாளியம்மா உட்கார்ந்தார். வயதானவர், நரைத்த தலை, பருத்திப் புடவை. எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகள், பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சொம்பு. எனக்கு உடனே கேட் ஞாபகம் வந்தது. சூப்பர்வைசரின் காதருகே, "ஷிஃப்ட் இருக்குங் சார்," என்றேன்.

"முழுங்கவா சொல்றாங்க? வாயில வெச்சுப் பாத்துட்டு சொம்புல துப்பிடணும். அதான் முறை. சும்மா உக்காருங்க."

ஊற்றிக் கொடுத்த பெண்ணும் கன்னடம் கலந்த தமிழில் அதையே சொன்னார். "ஸ்வல்ப வாயில வெச்சுகோங்க சார். நாக்கு முழுக்க சுத்தட்டும். ஆமேல துப்பிடுங்க. பயம் பேடா."

கோப்பையைச் சுழற்றச் சொன்னார். மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்கச் சொன்னார். சூப்பர்வைசர் ஒரு வாய் எடுத்து, கன்னத்தை உப்பி, சொம்பில் அழகாகத் துப்பினார். தூத்துக்குடிக்காரர் பஸ் ஜன்னலில் துப்புவதுபோல சத்தமாகத் துப்பினார். முதலாளியம்மா சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நானும் ஒரு வாய் வைத்தேன். சொம்பைக் கையில் எடுத்தேன். குனிந்தேன். வாய் திறக்கவில்லை.

எங்கள் வீட்டில் வாய் கொப்பளிப்பதற்கே கொல்லைப்பக்கம் போவோம். பெரியவர்கள் எதிரில் எச்சில் துப்பினால் அது அவர்கள் மேல் துப்பியதற்குச் சமம். இங்கேயோ, கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் தோட்டத்தில் விளைந்ததை, அவர் கண்ணெதிரில், சாப்பிடுகிற மேசையில் வைத்து எப்படி உமிழ்வது? அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிவிட்டேன்.

ஒரு வாய்தானே, அடுத்ததைத் துப்பிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்ததையும் முடியவில்லை. ஒவ்வொரு முறையும் சொம்பைத் தூக்கினேன், குனிந்தேன், விழுங்கினேன். துப்புவதாகத்தான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது நன்றாக இருந்தது. முதலில் ஊற்றியது நாவல்பழம் தின்றால் நாக்கு இழுத்துக்கொள்ளுமே, அப்படி இருந்தது. அதற்கடுத்ததில் மிளகு வாசனை. பதக்கம் வாங்கியதைக் கடைசியாகத்தான் ஊற்றினார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் ஓரம் செங்கல் நிறம். மரப்பீப்பாயில் நாள்பட வைத்தது என்றார் அந்தப் பெண். மோந்தபோது அப்போதுதான் இழைத்த மரத்தின் வாசனை, அதற்குப் பின்னால் மழை விழுந்த மண், அதற்கும் பின்னால் பழம். வாயில் துவர்ப்பு மெதுவாக வந்து மெதுவாகப் போனது. போன பிறகும் இனிப்பு மாதிரி ஒன்று நின்றது. நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம் கூடிவிட்டது. பிடிக்காததை விழுங்கியிருந்தால் மருந்து என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

ஆளுக்கொரு பாட்டில் தருகிறேன் என்றார் முதலாளியம்மா. சூப்பர்வைசர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்துப் பாட்டில் எல்லை தாண்டி வந்தால் கேஸ்.

வேனில் ஏறியபோது காது சூடாக இருந்தது. உதடு என்னுடையது மாதிரி இல்லை. தண்ணீர் குடித்தேன். உள்ளங்கையில் ஊதி என் மூச்சை நானே மோந்து பார்த்தேன். அத்திப்பள்ளி தாண்டி செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

வேன் நகர்ந்ததும் தூத்துக்குடிக்காரர் சொன்னார்: "அண்ணாச்சி, ஒம்ம மூஞ்சியப் பாத்தா பாட்டில மடியில கட்டிட்டு வந்த மாரில்லா இருக்கு."

அவர் சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் கேட். அந்தக் கருவி என் வாய்க்கு நேரே வரும். அது கத்துவது எனக்கு இப்போதே கேட்டது. மகளுக்குக் காலேஜில் இரண்டாம் வருடம். இந்த வயதில் எந்தக் கம்பெனி வாசலில் போய் நிற்பது?

"சார்," என்றேன். "நான் துப்பலீங்."

சூப்பர்வைசர் திரும்பினார். "என்னது?"

"எல்லாத்தையும் முழுங்கிட்டனுங்."

"நாங்க துப்புனத பாத்தீங்கல்ல?"

"பாத்தனுங். அந்தம்மா எதிர்ல உக்காந்திருந்தாங்க. எப்டிங் சார் துப்பறது?"

தூத்துக்குடிக்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டு, சூப்பர்வைசர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சாயந்திரம் லோடு போயாகணும். ஓட்ட வேற ஆளில்ல. நீங்க ஊத வேணாம். என்கூட வேன்லயே உள்ள வந்துருங்க. செக்யூரிட்டிகிட்ட நான் பேசிக்கறேன்."

பிழைத்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கப்புறம்தான் ஃபோர்க்லிஃப்ட் கண்முன் வந்தது. பெட்டிகளை உயர அடுக்கித் தூக்கினால் முன்னால் ஒன்றும் தெரியாது, திரும்பிப் பார்த்துப் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும். டீ நேரத்தில் பசை ஒட்டும் பெண்கள் அந்த வழியாகத்தான் பேசிக்கொண்டே குறுக்கே போவார்கள். நான் ஹாரன் அடிப்பேன் என்ற நம்பிக்கையில் அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. காதைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடாக இருந்தது. பயத்தினாலா, ஒயினாலா என்று எனக்குத் தெரியவில்லை.

"வேணாங் சார். இன்னிக்கு என்னால ஓட்ட முடியாதுங்."

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல?"

"முடியாதுங் சார்."

ஒரு மேலதிகாரியிடம் நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"அப்ப நாளைக்கு வரணுமா வேணாமானு நீங்களே யோசிச்சுக்கங்க," என்றார்.

கேட்டுக்கு முன்னாலேயே இறங்கிக்கொண்டேன். வேன் உள்ளே போனது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிட்டே வந்து என் வாயை மோந்து பார்த்தாள். திட்டவில்லை. "வேலை இருக்குமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி வழக்கம்போலக் கருவியை நீட்டினார். காலையிலிருந்து நான் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. இருந்தும் குழாயை வாயில் வைக்கும் முன் உள்ளங்கையில் ஒருமுறை ஊதி மோந்து பார்த்துக்கொண்டேன். ஊதினேன். கத்தவில்லை. "போங்கண்ணே," என்றார்.

உள்ளே, முந்தின நாள் போகாத லோடு அப்படியே நின்றது. சூப்பர்வைசர் அதன் பக்கத்தில் நின்று போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டார்.

"இன்னிக்கு ஓட்டுவீங்களா?"

"ஓட்டறனுங் சார்."

அவர் சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. வண்டியின் சீட்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். நான் ஏறி உட்கார்ந்தேன். எதையும் தூக்காமலேயே, யாரும் குறுக்கே வராமலேயே, நீளமாக ஒரு ஹாரன் அடித்தேன். பிறகுதான் வண்டியை நகர்த்தினேன்.