சித்தப்பா கற்றுக்கொடுத்த ஸ்ட்ரைக்

என் சித்தப்பா பொய் சொல்கிறார். நாற்பது வருடமாக ஒரே பொய். "அத்தன பேரு கண்ணுலயும் மண்ணத் தூவிட்டு மில்லுக்குள்ள போனவன்டா நானு" என்று பேரப்பிள்ளைகளிடம் இன்றைக்கும் பீற்றிக்கொள்கிறார்.

மில்லில் ஸ்ட்ரைக் நடந்தபோது நான் ஆறாம் வகுப்பு. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே தறிக்கூடம். அப்பா சங்கத்துக் கமிட்டியில் இருந்தார். கருங்காலி எவனும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சித்திக்குப் பிரசவமாகிப் பதினைந்து நாள். பால் சுரக்கவில்லை. அடுப்பும் எரியவில்லை.

சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் பைத்தியம். அட்டை கிழிந்த டிக்ஷ்னரி ஒன்று வைத்திருந்தார். ஒரு வாரம் என்னை உட்காரவைத்து 'ஸ்ட்ரைக்' என்ற ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தார். கடிகாரம் மணி அடித்தாலும் ஸ்ட்ரைக், தீக்குச்சி கிழித்தாலும் ஸ்ட்ரைக். கப்பல் பாயை இறக்குவதும் ஸ்ட்ரைக்தான். ஒரு காலத்தில் லண்டனில் கூலி போதாத மாலுமிகள் பாயை இறக்கிவிட்டு உட்கார்ந்தார்களாம். வேலைநிறுத்தத்துக்கு அந்தப் பெயர் அப்படி வந்ததாம்.

"கேட்டாண்ட வந்து சொல்லு. அவசரப்படாத. நிறுத்தி நிதானமா சொல்லு" என்றார்.

மில் வாசலில் முக்காலி மேல் ஏறி நின்று சொன்னேன். கூட்டம் முழுக்க என்னையே பார்த்து உட்கார்ந்திருந்தது. "நம்ம வைத்திக்குப்பத்து மீன்புடிக்கிறவன்கூடத்தான் தெனம் பாய எறக்குறான், அவனுக்கு எவன்யா சங்கம் வச்சான்?" என்று ஒருவர் கேட்க, ஒரே சிரிப்பு. அப்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால், பக்கவாட்டுச் சந்தில், சித்தப்பாவின் நீலச் சட்டை போனது. முனையில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். என் பேச்சு நின்றுவிட்டது.

பக்கத்தில் நின்ற அப்பா என் தலையில் கை வைத்தார்.

"இன்னா நிறுத்திட்ட? அந்தக் கப்பல் கதைய மொதல்லேர்ந்து சொல்லுமா."

சொன்னேன். அப்பாவுக்கு என் இங்கிலீஷ் அவ்வளவு பிடித்துவிட்டது என்று நினைத்து வீடுவரை குதித்துக்கொண்டே போனேன்.

மறுநாளே அப்பாவைக் கமிட்டியிலிருந்து தூக்கினார்கள். "சொந்தத் தம்பி போறதுகூடவா தெரியல, குருடா?" என்றார்கள். "தெரியல" என்றார். சாகும்வரை அதையேதான் சொன்னார்.

சித்தப்பா, உங்கள்மேல் எனக்கு உயிர். அதற்காக விடமாட்டேன். வரும் ஞாயிறு அப்பா படத்திறப்பு. தெருவே வரும். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: சந்து முனையில் நீங்கள் திரும்பியபோது உங்கள் அண்ணன் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்?