பின்னறைக்கு ஓர் ஆக்சஸ் பாயின்ட்

திருநின்றவூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் வைஃபை சமையலறை வரை வரும். அதைத் தாண்டிப் பின்னறைக்குள் நுழையாது. சுவருக்கு இந்தப் பக்கம் படம் ஓடும், அந்தப் பக்கம் வட்டம் சுற்றும். சென்னைக்கு வந்து ஆறு வருடத்தில் இதைவிடப் பெரிய விசித்திரங்களோடு ஒத்துப்போய்விட்டதால், அப்பா வந்து அந்த அறையில் படுக்கும் வரை நான் கண்டுகொள்ளவில்லை. கோவில்பட்டியில் தனியாக இருந்தவர், குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகும் நடக்க மறுத்தார். ஆனால் ஊரில் நடக்கும் ஹாக்கி இறுதி ஆட்டத்தை ஞாயிறன்று யூடியூப் நேரலையில் பார்த்தாக வேண்டும் என்றார். "இங்க தெரியாதுன்னா சனிக்கிழமையே என்னைய ரயில்ல தூக்கிப் போட்டுரு." நடக்காத மனிதர் அங்கே தனியாக என்ன செய்வார்?

ஆவடியில் வைஃபை சாமான்கள் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். விலை குறைந்ததாக ஏதாவது காட்டச் சொன்னேன். "ஊட்ல எத்தினி பேரு?" என்றார் கடைக்காரர். எங்கள் ஊரில் அப்படிக் கேட்டால் முழுக்கதையும் சொல்ல வேண்டும். அப்பாவின் கால், மனைவி மல்லிகாவின் வேலை, ஹாக்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்த இல்ல நைனா, எத்தினி போன் ஓடும்னு கேட்டேன்," என்றார். மூன்று என்றேன். நான் கையில் எடுத்திருந்த, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை வாங்கித் திரும்ப வைத்தார். "இது வாணாம், வர்றதுல பாதிய முழுங்கிடும். ஒயரு இஸ்துகினு போய் ஆக்சஸ் பாயின்ட் வெய்யி. நாலு ஆன்டெனா கொம்பு கீதேன்னு துட்ட கொட்டாத, ரெண்டே போதும்." சனிக்கிழமை கூடத்து ரூட்டரிலிருந்து ஒயரை இழுத்து, பின்னறைக்கென்று வைஃபை தரும் அந்த ஆக்சஸ் பாயின்ட் பெட்டியை அப்பாவின் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். படம் ஓடியது. ரயில் பேச்சு நின்றது.

ஞாயிறு காலை நானும் மல்லிகாவும் அம்பத்தூர் வரை போய்த் திரும்பினோம். மாலையில் ஆட்டம் தொடங்கியதும் படம் திக்கித் திக்கி வந்து, பிறகு நின்றே போனது. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பதறிப்போய், ஸ்டூலைக்கூடப் பார்க்காமல், ரூட்டரைப் பார்க்கக் கூடத்துக்கு ஓடினேன். சத்தம் கேட்டு மேலே வந்த வீட்டுக்காரர் முனுசாமி ஒயர் போன வழியே நடந்து, பின்னறை இரும்பு பீரோவின் முன் நின்றார்.

"இன்னா நைனா, பொட்டிய பீரோவுல போட்டு பூட்டி வெச்சிகிறீங்க? இரும்பு தாண்டி எப்டி வரும்?"

நானும் மல்லிகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நான்தான் வச்சேன்," என்றார் அப்பா. "புதுச் சாமான எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வைப்பாகளாக்கும்?"

கட்டிலிலிருந்து பீரோவுக்கு ஆறு எட்டு வைக்க வேண்டும். போக ஆறு, வர ஆறு. சந்தோஷத்தில் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

பெட்டியை வெளியே எடுத்ததும் படம் வந்தது. இடைவேளையில் காமிரா பார்வையாளர் மாடத்துப் பக்கம் திரும்பியது. அப்பாவின் கூட்டாளிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு துண்டு கிடந்தது.

"பாத்தியாலே, எனக்கு எடம் போட்டு வச்சிருக்கானுக," என்றார். கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட் போடு. அதான் நடக்கேன்ல."

அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கைக்குட்டையாவது கிடக்கிறதா என்று பார்த்தேன். படம் துல்லியமாகத்தான் வந்தது.