வாளியில் செய்த ரோமாபுரி

பேரன் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கவசத்தைப் பழசாக்கிக்கொண்டிருக்கிறான். கல்லூரி விழாவில் ஏதோ கற்பனை நாட்டுப் படைவீரனாக வேடம் போடப்போகிறானாம். கவசம் முழுக்கப் பிளாஸ்டிக். வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. அதன்மேல் கறுப்பை அப்பித் துணியால் துடைத்து, விளிம்புகளில் காய்ந்த தூரிகையால் வெள்ளியைத் தீற்றி, ஏழெட்டுப் போரில் அடிபட்ட மாதிரி ஆக்குகிறான். "புதுசா தெரிஞ்சா அசிங்கம் தாத்தா" என்றான். முழங்காலில் கிழிசலோடு கால்சட்டை வாங்கிப் போட்டிருப்பவன் சொன்னால் நம்பத்தானே வேண்டும்.

பெயின்ட் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குச் சூசையின் ஞாபகம் வந்துவிட்டது. அறுபதுகளின் நடுவில், புதுக்கோட்டை வட்டாரத்தில் ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஈஸ்டர் கழிந்ததும் கோயில் பொட்டலில் பாஸ்கா நாடகம் இரண்டு நாளும் முழுக்கதையாக நடக்கும். இயேசு பாடுபடுவதைப் பார்த்து அழுவதற்கென்றே சுற்றுவட்டாரம் திரண்டு வரும். அதில் ரோமைச் சிப்பாய்களுக்கு அதுவரை அட்டையில் ஜிகினாத்தாள் ஒட்டித்தான் கவசம். முந்தின வருஷத்து மழையில் அது கூழாகிவிட்டதால், பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், நீங்க படம் போடுறவர். ஏதாவது செய்யுங்க" என்றார்.

படம் போடுகிறவனிடம் அப்படிச் சொல்லவே கூடாது. எனக்கு அப்போது ஒரு கிறுக்கு இருந்தது. சித்தன்னவாசலுக்குப் போய், உதிர்ந்தது போக மிச்சமிருக்கும் ஓவியத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டவன் நான். எதுவும் தேய்ந்தால்தான் அழகு என்று முடிவு கட்டியிருந்தேன். ஊரில் கூரை, ஏர், பஸ், என் ஒரே செருப்பு எல்லாமே தேய்ந்துதான் கிடந்தன என்பது ஏனோ கண்ணில் படவில்லை.

பிளாஸ்டிக் வாளிகள் புதுக்கோட்டைக் கடைகளில் தலைகாட்டத் தொடங்கிய காலம் அது. பாத்திரக்கடை பாய் ஒருவர் லாரியில் வரும்போது உடைந்துபோன வாளிகளையும் தொட்டிகளையும், "கோயிலுக்குத்தானே, கொண்டு போங்க" என்று தூக்கிக் கொடுத்துவிட்டார். நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள். காய்ச்சிய அரிவாளால் அறுத்து, வெந்நீரில் போட்டு வளைத்து மார்க்கவசங்களாக்கினேன். அந்தப் புகை என் வேட்டியை விட்டுப் போக வெகுநாள் ஆயிற்று. இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயின்டைப் பூசி, பானையடிக் கரியை எண்ணெயில் குழைத்து மூலைகளில் தேய்த்தேன். துரு எப்படிப் படர்கிறது என்று பார்க்கத் திருமயம் கோட்டைக்கே போய்ப் பீரங்கியைத் தடவிவிட்டு வந்து, செம்மண்ணைக் கரைத்துத் துரு வழிய விட்டேன். பிளாஸ்டிக் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்பது என் வைராக்கியம். முடித்தபோது வாளிகளெல்லாம் ரோமாபுரிக்காக ஊர் ஊராகச் சண்டை போட்டுக் களைத்தவை போல இருந்தன. எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சிப்பாய்களின் தலைவன் வேடம் சூசைக்கு. அவன் அப்பா போட்ட வேடம், அவருக்குப் பிறகு இவனுக்கு வந்தது. சிலுவையடியில் நின்று கடைசியில், "மெய்யாகவே இவர் கடவுளின் மகன்" என்று ஒரே ஒரு வசனம் பேச வேண்டும். அதை வயலில் மாடுகளிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பான். அந்த வருஷம் அவனுக்கு வசனத்தைவிடப் பெரிய கவலை இருந்தது. கூரை வீடு என்பதால் வந்த சம்பந்தமெல்லாம் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்க்கொண்டிருந்தது. இலுப்பூர்ப் பக்கத்துப் பெண் வீட்டார் மட்டும், "பாஸ்காவுக்கு வாரோம். பையனை அங்கேயே பாத்துக்கிறோம்" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வீட்டைப் பார்க்காமல் ஆளைப் பார்க்க வருகிறார்கள். சூசைக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை.

அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாடக உடுப்புகளைச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்ததும், அவை வேடம் கட்டுகிறவர்கள் வீட்டுக்குப் போய்விடும். கிழிசல் தைத்து, துவைத்து, சுத்தபத்தமாகத் திருப்பி அனுப்புவது வீட்டுப் பெண்களின் பாத்தியதை. சூசையின் ஆத்தாவுக்குக் கவசத்தைக் கையில் வாங்கினதுமே முகம் சுண்டிவிட்டதாம்.

"ஏன்டா, தலைவன்னு சொல்லிப்புட்டு ஒனக்குத் துருப்புடிச்சதக் குடுத்துருக்காங்க?"

"அப்படித்தான் இருக்கணுமாம் ஆத்தா. டிராயிங் சார் சொன்னாரு."

"அவருக்கென்ன? பொண்ணு வீட்டுக்காரங்க அவரையா பாக்க வாராங்க?"

சூசை வயலுக்குப் போனதும் அந்த அம்மாள் புளியும் சாம்பலும் தேங்காய் நாருமாக உட்கார்ந்துவிட்டார். திருநாளுக்குக் குத்துவிளக்கைத் தேய்க்கிற தேய்ப்பு. பிளாஸ்டிக்கை முதலில் உப்புத்தாள் போட்டு உரசினால்தான் பெயின்ட் பிடிக்கும் என்பது பேரனுக்குத் தெரிகிறது. எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. துரு போயிற்று, கரி போயிற்று, வெள்ளி போயிற்று. கடைசியில் பளீரென்ற நீலமும், நடு மார்பில் தொட்டியின் அடியில் வார்த்திருந்த ரோஜாப்பூவும் மிஞ்சின.

பொழுது சாய, திரைக்குப் பின்னால் சூசை அதைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தான். துண்டை விலக்கிக் காட்டினான்.

"ஆத்தா தேச்சுப்புருச்சு சார். நான் மேடைக்கு வரல. அவங்க முன்னாடி வாளிய மாட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

கரியைத் தடவிப் பார்த்தேன். ஈரத்தில் நிற்காமல் வழிந்தது. முதல் வரிசையில் பெண்ணின் தகப்பனார் தலைப்பாகையும் மீசையுமாக உட்கார்ந்திருந்தார்; பெண்ணும் பெண்கள் பக்கம் வந்திருந்தாள். ஒரு கலியாணத்தை என் கலை குடித்துவிட்டது என்றே நினைத்தேன். வெளியே ஆர்மோனியம் அழைத்தது. சூசையின் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டேன்.

துருப்பிடித்த சிப்பாய்களுக்கு நடுவே நீலமாக ஜொலித்துக்கொண்டு அவன் வந்து நின்றதும் பின்வரிசை எம்பி எழுந்தது. பிறகு தகப்பனாரின் குரல் எனக்கே கேட்டது. "அம்புட்டும் பிளாஸ்டிக்காப்பா?" அந்தக் குரலில் இருந்தது கேலி இல்லை, பக்தி. நான் எதை மறைக்கப் படாதபாடு பட்டேனோ, அதைவிட உயர்ந்த சாமான் அந்த வட்டாரத்தில் அன்றைக்கு இல்லை. என் மற்ற சிப்பாய்களைப் பார்த்து, "பாவம், கோயில்ல வசதி பத்தல" என்று உச்சுக் கொட்டினார்கள்.

மறுநாள் அத்தனை சிப்பாய்களின் வீட்டிலும் புளி கரைந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று ரோமைப் படை அணிவகுத்து வந்தது. சாமியார் என் காதோரம் குனிந்து, "ரோமாபுரி இம்புட்டுச் செழிப்பாவா இருந்துச்சு மாஸ்டர்?" என்று கேட்டார்.

கலியாணம் நடந்தது. பந்தியில் எனக்குப் பாயசம் ஊற்ற வந்த புதுப்பெண் ரோசம்மாளிடம், "கவசத்தைப் பாத்துத்தானே அப்பா சம்மதிச்சாரு?" என்று சீண்டினேன். "அப்பாவுக்குக் கவசம் சார். நான் அவுக கை நடுங்குனதத்தான் பாத்தேன். அம்புட்டு நடுக்கத்துலயும் வசனத்த விடாமச் சொன்னாங்கல்ல" என்றாள். அந்தப் பதிலில் நான் பாயசத்தை மறந்துவிட்டேன்.

சூசை போய்ச் சேர்ந்த வருஷம் துக்கம் கேட்கப் போயிருந்தேன். இப்போது பாஸ்காவுக்குத் திருச்சியிலிருந்து வாடகை உடுப்பு வருகிறது; துருவோடே வருகிறது. ரோசம்மாள் வீட்டு முற்றத்தில் கோழிக்குஞ்சுகளின் மேல் எதையோ கவிழ்த்திருந்தார்கள். குனிந்து பார்த்தேன். அதே மார்க்கவசம். வெயிலும் மழையும் நீலத்தைத் தின்றுவிட்டு ஒரு சாம்பல் வெளுப்பை விட்டிருந்தன. விளிம்பெல்லாம் வெடிப்பு. ரோஜா மழுங்கிப்போயிருந்தது. பீரங்கியைத் தடவிக்கொண்டு நான் தேடியது இதைத்தான்.

"இப்பத்தான் சரியா வந்திருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ரோசம்மாளுக்கு முகம் சுண்டியது. "அவுக போனதுலேருந்து எதையும் கவனிக்கல சார்" என்று சொல்லிக்கொண்டே கவசத்தை எடுத்து, முந்தானையால் அந்த ரோஜாவை அழுத்தி அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள். பழசு ஒருவர் கண்ணில் பட்டுவிட்டதே என்று அப்படிக் கூசிப்போகிறவர்கள் இன்று யார் இருக்கிறார்கள்? வேண்டாம்மா, விடு என்றேன். அவள் விடவில்லை.