படத்தில் மங்கிய எங்கள் தெரு

புனே இரவில் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் மேலிருந்து சொல்வேன். நள்ளிரவுக்குப் பிறகு நகரத்தைக் கடந்துபோகும் செயற்கைக்கோள் கீழே எரியும் விளக்குகளைப் படமெடுக்கும். அந்தப் படங்களை வருடவாரியாக ஒப்பிட்டு, ஊர் எந்தப் பக்கம் வளர்கிறது என்று வரைபடம் போடுவது என் வேலை. வெளிச்சம் கூடிய இடம் சிவப்பு, குறைந்த இடம் நீலம். கல்யாணமாகி கோயம்புத்தூரிலிருந்து நான் வந்தபோது நாங்கள் குடியிருக்கும் பாணேரைத் தாண்டிக் கறுப்பாகக் கிடந்த இடமெல்லாம் இன்று சிவப்பு. என் வேலையை நான் நன்றாகச் செய்வேன். அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

என் கணவர் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருக்கிறார். கடன் கேட்டு வருகிறவர் சிரித்தால்கூட, ஏன் சிரிக்கிறார் என்று யோசிக்கிற மனிதர். அப்படிப்பட்டவர் என் வரைபடத்தை அப்படியே நம்பிவிட்டார்.

அதில் எங்கள் பாணேர் தெரு நீலமாக இருந்தது. ஊருக்கு வெளியே மாவள் பக்கம், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி, ஓரிடம் நல்ல சிவப்பு. அங்கே ஒரு தரகர் மனை வைத்திருந்தார். போதாதா?

"இந்த வீட்ட வித்துப்போட்டு அங்க மனை வாங்கிப் போட்றலாம் அம்மிணி. உன்ற படமே சொல்லுது."

"ஏனுங்க, நம்ம தெரு ஒண்ணும் மங்கலைங்க. மஞ்ச லைட்ட எடுத்துப்போட்டு வெள்ள லைட்டு மாட்டுனாங்கல்லங்க? அதுல நீல வெளிச்சம் ஜாஸ்தி. அந்தக் கேமராவுக்கு நீலம் சரியாத் தெரியாது, அவ்வளவுதான்."

"அப்ப அந்தச் செவப்பு?"

"என்னன்னு தெரியலீங்க. ஆனா ஊர் இல்லீங்க. மாசாமாசம் எடுத்த படத்தப் பாருங்க. கொஞ்ச நாள் எரியுது, அப்புறம் மொத்தமா அணைஞ்சு போகுது. குடியிருக்கறவங்க எல்லாருஞ் சேர்ந்து வெளக்க அணைச்சுப்போட்டு எங்கீங்க போவாங்க?"

"லீவுக்கு வந்து தங்கற வீடுகளா இருக்கும்."

உள்ளூர் மாடு விலை போகாது என்பது இதுதான். அந்தச் சிவப்பின் மேல் 'சரிபார்க்க வேண்டும்' என்று நானே குறிப்பு எழுதியிருந்தேன். அவர் நிறத்தைப் பார்த்தார், குறிப்பைப் பார்க்கவில்லை. ஊருக்குள்ளேயே இருக்கும் கோர்படியைப் படத்தில் காட்டினேன். அங்கிருக்கும் ராணுவக் குடியிருப்பில் அத்தனை குடும்பங்கள் இருந்தும், மரங்களுக்கு அடியில் படத்தில் பாதி இருட்டு. அங்கே ஆளே இல்லையா என்று கேட்டேன். அது வேறு கதை என்றார்.

வீடு பார்க்க ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் நாடா வைத்துச் சமையலறையை அளந்தாள். தன் ஃபிரிட்ஜ் எதுவரை வரும் என்று பார்த்து, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். என் சுவரில்! எனக்கு வந்த கோபத்தில் அவர்களுக்குப் போட்ட டீயில் சர்க்கரை போட மறந்தேன். திங்கட்கிழமை முன்பணத்தோடு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

கதவைச் சாத்தியதும் கணவரிடம் சொன்னேன். "ஞாயித்துக்கெழம அந்தச் செவப்ப நேர்ல போய்ப் பாக்கலாமுங்க. அங்க ஊர் இருந்துச்சுன்னா நானே மொதக் கையெழுத்துப் போடறேன். இல்லீன்னா, இந்தப் பேச்ச இனி எடுக்கக் கூடாதுங்க."

வாய்தான் துணிச்சலாகப் பேசியது. போகிற வழியெல்லாம் மாதப் படங்களைத் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டே வந்தேன். என் கணக்கு தப்பினால் வீடு போகும், மானமும் போகும்.

படத்தில் குறித்த இடத்துக்கு வந்து வண்டியை நிறுத்தினோம். வீடு என்று ஒன்றுகூட இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளை பிளாஸ்டிக் போர்த்திய நீள நீளமான பசுமைக்குடில்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன். இளஞ்செடிகள் பாத்தி பாத்தியாக நின்றன. அவற்றின் தலைக்கு மேல், கல்யாணப் பந்தலில் கட்டுகிற மாதிரி, வரிசையாக பல்புகள்.

என்ன செடி, எதற்கு விளக்கு என்று பாத்தியில் நின்ற பெண்மணியிடம் மராத்தியில் கேட்டேன். "ஷேவந்தி" என்றார். நம் செவந்திதான். ராத்திரி நீண்டால் செடி அவசரப்பட்டு மொட்டு வைத்துவிடுமாம். பண்டிகைச் சந்தைக்குச் சரியாகப் பூக்க வேண்டுமென்றால், அதுவரை நடுராத்திரியில் விளக்கைப் போட்டுச் செடியை ஏமாற்றுகிறார்கள். தண்டு உயர்ந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். மாதப் படங்களில் நான் கண்ட இருட்டு அதுதான்! அந்தச் செடிகளையெல்லாம் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

கணவர் விடவில்லை. "ராத்திரியில் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். "ராத்திரியிலா? ஒரு வாட்ச்மேன். அப்புறம் அவருடைய நாய்."

கணவர் பல்புகளை அண்ணாந்து பார்த்தார். "வெளக்கப் புடிச்சுட்டே கெணத்துல உழுகப் பாத்தனே அம்மிணி" என்றார். அங்கேயே நின்று முதலில் தரகரைக் கூப்பிட்டார், அடுத்து அந்தத் தம்பதியை. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எங்கள் தெருவில் வெள்ளை விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. பேல்பூரி வண்டியைச் சுற்றி வழக்கமான கூட்டம். விளக்குக்கம்பத்துக்கு அடியில் பிள்ளைகள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். என் படத்தில் இது மங்கிப்போன தெரு.

செருப்பைக் கழற்றியதும் நேரே சமையலறைக்குப் போய், ஈரத்துணியால் அந்தப் பென்சில் கோட்டை அழுத்தி அழுத்தித் தேய்த்தேன்.

"போச்சா?" என்று கூடத்திலிருந்து கேட்டார்.

"போச்சுங்க. கூடவே பெயின்ட்டும் கொஞ்சம் வந்துருச்சு. இருக்கட்டுங்க, இங்கதான இருக்கப்போறோம். தீபாவளிக்கு அடிச்சுக்கலாம்."