அட்ராக்டா தடுத்த மந்திரி பதவி

அட்ராக்டா இருபத்தாறு வயதில் இரும்புச் சாமான் கடை வேலையை விட்டுவிட்டு நாடாளுமன்ற உறுப்பினர் மாலக்கி ஃபீனியின் அலுவலகத்தில் சேர்ந்தாள். கறிக்கடைக்கு மேலே இரண்டு அறைகள், ஒரு கணப்பு, ஒரு தொலைபேசி. அயர்லாந்தின் மேற்கில், கில்மோரன் என்ற எங்கள் சிற்றூரில், நாடாளுமன்ற உறுப்பினரின் செயலாளர் என்றால் ஊருக்கே செயலாளர்தான். இலவச மருத்துவ அட்டை வராதவர், சாலைக் குழியில் சக்கரம் உடைந்தவர், பக்கத்து நிலத்துக்காரனோடு வேலித் தகராறு உள்ளவர், எல்லோரும் முதலில் அவளிடம்தான் வருவார்கள். படியேறும் சத்தத்தை வைத்தே வருவது புலம்பலா சண்டையா என்று சொல்லிவிடுவாள். கல்யாணம் என்று இரண்டு முறை பேச்சு வந்தது. இரண்டு முறையும் தேர்தல் குறுக்கே வந்தது. இப்படியே இருபத்துமூன்று வருடம் ஓடிவிட்டது.

அந்த வருடத் தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. மூன்று கட்சிகள் இரண்டரை மாதம் கூடிக் கூடிப் பேசி, நூற்றைம்பது பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் எழுதின. அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஊருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மந்திரிகள் யார்? பிரதமரையும் சேர்த்துப் பதினைந்து பேருக்கு மேல் மந்திரி சபையில் இருக்கக் கூடாது என்பது சட்டம். பெரிய கட்சிகள் இரண்டுக்கும் ஆளுக்கு ஆறு, மாலக்கியின் சின்னக் கட்சிக்கு மூன்று. அந்த மூன்றில் டப்ளினுக்கு ஒன்று, தெற்கே ஒன்று. மேற்கை விட்டால் ஓட்டு போட்டவன் சும்மா இருப்பானா? மேற்கில் அந்தக் கட்சிக்கு இருந்தது மாலக்கி ஒருவர்தான்.

அறிவிப்புக்கு முந்தின நாள் காலை, கட்சித் தலைவரின் உதவியாளன் தொலைபேசியில் வந்தான். இளைஞன், தேன் ஒழுகும் குரல்.

"மேடம், இது நமக்குள்ளேயே இருக்கட்டும். விவசாயம் உங்க ஆளுக்குன்னு தலைவர் கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டார்."

அட்ராக்டாவுக்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது.

"இனிமே உங்களுக்கும் சுமை குறைஞ்சிடும்" என்றான் அவன். "தொகுதி வேலையெல்லாம் டப்ளின்ல அமைச்சகத்து ஆளுங்களே பார்த்துப்பாங்க. நாலு பேர் போடறோம். நீங்க நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதி! அப்படியென்றால் இனி இந்தப் படியேறி யாரும் அவளிடம் வரமாட்டார்கள்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. உடம்பு எப்படி? தாங்குவாரா?"

ஜனவரியில் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனபோது, மழையில் நனைந்தபடி ஒரு வாசலில் மாலக்கி மயங்கி விழுந்தார். நல்லவேளையாக அது கோல்மன் வீடு. கோல்மன் மாட்டு டாக்டர். மாலக்கியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கன்றுக்குட்டிக்கு வைக்கும் குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "மாடா இருந்தா வித்துடுன்னு சொல்வேன்டா" என்றார். மறுவாரம் நல்ல டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பயமில்லை, வேலை பார்க்கலாம் என்று அனுப்பினார். விழுந்த விஷயம் வெளியே போகக் கூடாது என்று மாலக்கி அட்ராக்டாவிடமும் கோல்மனிடமும் சத்தியம் வாங்கினார்.

"ஜனவரியில ஒரு தடவை விழுந்துட்டார்" என்றாள் அட்ராக்டா. "வெளியே தெரியாது. சீக்கிரம் களைச்சுப் போயிடறார்."

மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொல்லவில்லை. அவர் உடம்பு மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னேன் என்று தொலைபேசியை வைத்தபடியே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவளுக்கே அது பொய்யாகக் கேட்டது.

மறுநாள் ஊரே சதுக்கத்தில் கூடியது. மந்திரி வந்தால் தீ மூட்டி வரவேற்பது எங்கள் வழக்கம். பந்தாட்டச் சங்கத்துப் பையன்கள் சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டுகளை ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மதுக்கடைத் தொலைக்காட்சியில் பிரதமர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். விவசாயத்துக்கு வந்தது தெற்கே கார்க் நகரத்துப் பெண்மணி ஒருத்தியின் பெயர்.

"அவ வாழ்க்கையில ஒரு பசுவையாவது கிட்டத்துல பார்த்திருப்பாளா?" என்று யாரோ கத்தினார்கள்.

மாலக்கி நாடாளுமன்றத்தின் பின்வரிசையில் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு கைதட்டுவதைக் காமிரா ஒரு நொடி காட்டியது. தட்ட வேண்டிய அளவுக்குச் சரியாகத் தட்டினார். சதுக்கத்தில் அவரவர் கொண்டுவந்த மரத்தட்டை அவரவர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அட்ராக்டா ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலக்கி வந்தார். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"உடம்பைப் பார்த்துக்கோங்கன்னார் தலைவர். அவருக்கு எப்படித் தெரியும்? மாத்திரை கொடுத்த டாக்டரை விட்டா தெரிஞ்சது மூணே பேருக்கு. நான், நீ, கோல்மன். நீ சொல்லமாட்டே."

அவள் வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து கணப்பில் கரி போட்டாள்.

"கோல்மன்தான். போன மாசம் டப்ளின்ல மாட்டு டாக்டருங்க மாநாட்டுக்குப் போனான். அங்கே குடிச்சுட்டு உளறியிருப்பான். பாவி" என்றார்.

அதோடு இருவரும் ஆடிவந்த வியாழக்கிழமைச் சீட்டாட்டம் நின்றது. கோல்மன் எதிரே வந்தால் மாலக்கி சாலையைக் கடந்து போனார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசையில், சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில், கோல்மன் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இரண்டு வரிசை பின்னால் இருந்த அட்ராக்டா, மனதில் பாவம் இருக்க, அன்று நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை. ஏழு வாரம் இப்படியே போனது.

எட்டாவது வாரம் கோல்மன் வீட்டு முற்றத்துக்குப் போனாள். அவர் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நாலு பேர் போடறோம் என்று அவன் சொன்னதையும், அந்த நொடியில் தனக்கு என்ன தோன்றியது என்பதையும் மறைக்கவில்லை.

கோல்மன் குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்பது வருஷச் சிநேகம், அட்ராக்டா. நடுத்தெருவுல என்னை நாயாட்டம் பார்க்கிறான்."

"நாளைக்கே அவர்கிட்டே சொல்லிடறேன்."

"சொல்லி?"

"உங்க பேர்ல இருக்கிற பழி போயிடும்."

அவர் வெகுநேரம் கையைத் துடைத்தார். "அவனுக்குப் பதவி போச்சு. நானும் போயிட்டேன். அவன் பொண்டாட்டி செத்து ஆறு வருஷம் ஆச்சு. காலையில அவனுக்குன்னு கதவைத் திறந்து வைக்க மிச்சம் இருக்கிறது நீ ஒருத்தி. உன்னையும் பிடுங்கிட்டா அந்த நெஞ்சு தாங்காது. நான் குழாய் வச்சுக் கேட்ட நெஞ்சு அது." துண்டைத் தோளில் போட்டார். "எனக்கு மாடு இருக்கு, வீட்டுல ஆளிருக்கு. சொல்லாதே. போ."

அவள் மறுத்திருக்க வேண்டும். வாதாடியாவது இருக்கலாம். அதற்கு முன்பே நெஞ்சிலிருந்து ஒரு நிம்மதிப் பெருமூச்சு வெளியே வந்துவிட்டது. கோல்மன் அதைக் கேட்டார். கேட்டுவிட்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை, குறை கேட்கும் நாள். படிக்கட்டு வரை கூட்டம். முதல் ஆளைப் பேசி அனுப்பிவிட்டு மாலக்கி நிமிர்ந்தார். முகம் மெலிந்திருந்தது.

"நீ ஒருத்தி இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன், சொல்லு?"

அட்ராக்டா கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள்.

"அடுத்தவரை உள்ளே வரச் சொல்லட்டுமா?" என்றாள்.